டைகர் மாத் கிட்டை ஜிப்ஸி மாத் ஆக மாற்றுதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டைகர் மாத் என்பது பிரிட்டனின் டி ஹாவிலாண்ட் நிறுவனம் செய்த இரட்டை இறக்கைப் பயிற்சி விமானம். கடையில் துண்டுகளாகக் கிடைக்கும் அதன் பிளாஸ்டிக் கிட்டிலிருந்து அதன் மூத்த உறவான டி.எச்.60ஜி ஜிப்ஸி மாத் விமானத்தைச் செய்வது பற்றி, மதுரைப் பக்கம் மாடல் செய்பவர்கள் வழக்கமாகக் கேட்பவை இங்கே உள்ளன. அளவுகள் 1/48-க்கு, அதாவது உண்மை விமானத்தின் 48-இல் ஒரு பங்கு அளவுக்குத் தரப்பட்டுள்ளன. 1/72-க்கு மாறும் இடங்களில் அதையும் சொல்லியிருக்கிறோம்.

ஜிப்ஸி மாத் கிட்டையே வாங்கிவிட்டால் என்ன?

கிடைத்தால் வாங்குங்கள். டைகர் மாத் எப்போதும் ஏதாவது ஒரு கடையில் இருக்கும், ஜிப்ஸி மாத் அப்படியில்லை, அதுதான் சிக்கல். இரண்டும் ஒரே குடும்பம் என்பதால் வால், உடலின் பின்பாதி, இறக்கை நுனி, வால் கட்டை எல்லாம் ஏறக்குறைய அப்படியே உதவும். முதல் மாத் 1925 பிப்ரவரி 22 அன்று பறந்தது. 1928-இல் அதில் 100 குதிரைத்திறன் ஜிப்ஸி எஞ்சின் ஏறியது. டைகர் மாத் 1931 அக்டோபர் 26 அன்றுதான் வந்தது. பிள்ளையைப் பார்த்துத் தாயைச் செய்கிற வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஜே.ஆர்.டி. டாடா 1932-இல் தபால் கொண்டுவந்த விமானம் இதுதானே?

இல்லை. 1932 அக்டோபர் 15 அன்று கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாக பம்பாய்க்கு அவர் ஓட்டிவந்தது பஸ் மாத். ஒற்றை இறக்கை, மூடிய அறை கொண்ட வேறு விமானம் அது. அங்கிருந்து பெல்லாரி வழியாக சென்னைக்குத் தபாலைக் கொண்டுவந்தவர் டாடாவின் கூட்டாளியான பிரிட்டிஷ் விமானி நெவில் வின்சென்ட். டைகர் மாத் கிட்டிலிருந்து பஸ் மாத் செய்யவே முடியாது, முயற்சி செய்ய வேண்டாம். ஆனால் 1930-இல் ஆகா கான் பரிசுக்காக இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையே நடந்த தனிப்பறப்புப் போட்டியில் டாடா, ஆஸ்பி எஞ்சினியர், மன்மோகன் சிங் ஆகிய மூவரும் ஓட்டியது ஜிப்ஸி மாத்தான். பரிசு ஆஸ்பிக்குப் போனது. அவர் பின்னாளில் இந்திய விமானப்படைத் தளபதியானார். இந்தியத் தொடர்புள்ள மாடல் வேண்டுமென்றால் இதைவிடப் பொருத்தமானது கிடையாது.

இரண்டுக்கும் உண்மையான வித்தியாசம் என்ன? எதை மாற்றாவிட்டால் காட்டிக்கொடுத்துவிடும்?

இரண்டே விஷயம்: மேல் இறக்கை நிற்கும் இடம், மூக்கு. மற்றதெல்லாம் அதன் பிறகுதான்.

மாத் விமானத்தில் முன் காக்பிட்டைச் சுற்றித்தான் மேல் இறக்கையைத் தாங்கும் ஸ்ட்ரட்டுகள் நின்றன. பாராசூட் மாட்டிய ஆள் அவசரத்தில் அதற்குள்ளிருந்து வெளியே குதிப்பது கடினம். ராணுவப் பயிற்சிக்கு இது ஒத்துவராது என்பதால் டைகர் மாத்தில் மேல் இறக்கையின் நடுப்பகுதியை முன்னால் தள்ளினார்கள். அதனால் தூக்கும் விசையும் முன்னால் போய்ச் சமநிலை கெட்டது. அதைச் சரிசெய்ய இறக்கைகளைப் பின்பக்கமாகச் சாய்த்தார்கள். சாய்த்ததில் கீழ் இறக்கையின் நுனி தரைக்கு நெருங்கிவிட, அதைக் கொஞ்சம் மேலே தூக்கினார்கள். இந்தச் சங்கிலியை அப்படியே பின்னோக்கி அவிழ்ப்பதுதான் நம் வேலை: நடுப்பகுதி பின்னுக்கு, இறக்கைகள் நேராக, மேல் கீழ் இரண்டுக்கும் ஒரே தூக்குக் கோணம்.

மூக்கு எஞ்சினால் மாறுகிறது. டைகர் மாத்தின் ஜிப்ஸி மேஜர் தலைகீழாகத் தொங்கும் எஞ்சின். புரொப்பல்லரைச் சுழற்றும் கிராங்க் தண்டு மேலே, சிலிண்டர்கள் கீழே. அதனால் புரொப்பல்லர் உயரத்தில் இருக்கும், கவுலிங்கின் (எஞ்சின் மூடியின்) மேல்கோடு வழுக்கிக்கொண்டு இறங்கும். ஜிப்ஸி மாத்தில் எஞ்சின் நிமிர்ந்து நிற்கிறது. கிராங்க் தண்டு கீழே இருப்பதால் புரொப்பல்லர் தாழ்ந்துவிடும், நான்கு சிலிண்டர் தலைகளும் கவுலிங்குக்கு மேலே வரிசையாகத் தெரியும். பத்தடி தூரத்திலிருந்து பார்ப்பவர்கூட இதை வைத்தே அடையாளம் கண்டுவிடுவார்.

வரைபடத்தை எப்படிச் சரியான அளவுக்குக் கொண்டுவருவது?

மூன்று பக்கமும் காட்டும் வரைபடம் ஒன்று இல்லாமல் அறுக்க ஆரம்பிக்காதீர்கள். ஜிப்ஸி மாத்தின் இறக்கை அகலம் 30 அடி, அதாவது 9.14 மீட்டர். 1/48-இல் 190.5 மி.மீ., 1/72-இல் 127 மி.மீ. கையிலுள்ள வரைபடத்தில் நுனிக்கு நுனி அளந்து, 190.5-ஐ அந்த எண்ணால் வகுத்து 100-ஆல் பெருக்குங்கள். படத்தில் 165 மி.மீ. இருந்தால் ஜெராக்ஸ் கடையில் 115.5 சதவீதம் கேட்க வேண்டும். முழு எண் மட்டும் ஏற்கும் இயந்திரமாக இருந்தால் 115-இல் ஒன்றும் 116-இல் ஒன்றும் எடுத்து, அளந்து, நெருக்கமானதை வைத்துக்கொள்ளுங்கள்.

அத்தோடு விட்டுவிடக் கூடாது. ஜெராக்ஸ் இயந்திரம் தாள் ஓடும் திசையில் லேசாக இழுத்துவிடும். விமானத்தின் நீளம் 23 அடி 11 அங்குலம், 1/48-இல் 151.9 மி.மீ. அகலம் சரியாக வந்து நீளம் 153 காட்டினால் அந்தப் பிரதி ஒரு திசையில் மட்டும் இழுபட்டிருக்கிறது. தாளைத் திருப்பி வைத்து மறுபடி எடுங்கள். டைகர் மாத்தின் நீளமும் இதேதான், ஆகவே உடலை நீட்டவோ குறைக்கவோ தேவையில்லை.

இறக்கையை நேராக்குவது எப்படி? எத்தனை மில்லிமீட்டர் சேர்க்க வேண்டும்?

இந்தப் பக்கத்தில் அதிகம் கேட்கப்படுவது இதுதான், அதிகம் கெட்டுப்போவதும் இங்கேதான்.

டைகர் மாத்தின் அகலம் 29 அடி 4 அங்குலம், 1/48-இல் 186.3 மி.மீ. வித்தியாசம் 4.2 மி.மீ., பக்கத்துக்கு 2.1. 1/72-இல் பக்கத்துக்கு 1.4. இதை இறக்கையின் அடியில், அதாவது மேல் இறக்கைக்கு நடுப்பகுதி சேரும் இடத்திலும் கீழ் இறக்கைக்கு உடல் சேரும் இடத்திலும் சேர்க்க வேண்டும். நுனியில் சேர்த்தால் வளைவு போய்விடும், நடுவில் சேர்த்தால் ரிப் (இறக்கையின் குறுக்குச் சட்டம்) இடைவெளி கெடும்.

சாய்வை நிமிர்த்த இறக்கை முன்னோக்கித் திரும்ப வேண்டும். அப்படித் திருப்பினால் பின்விளிம்புப் பக்கம் வாய் திறக்கும். ஆகவே நடுவில் வைக்கும் துண்டு முன்னால் மெலிந்தும் பின்னால் தடித்தும் ஆப்பு போல இருக்க வேண்டும். 1/48-இல் இறக்கையின் முன்பின் அகலம் சுமார் 27 மி.மீ., எனவே ஒவ்வொரு டிகிரிக்கும் முன்விளிம்புக்கும் பின்விளிம்புக்கும் இடையே ஏறக்குறைய அரை மி.மீ. வித்தியாசம் வரும். கிட்டின் சாய்வைக் கோணமானியால் அளந்து கணக்குப் போடுங்கள். உதாரணமாக 4 டிகிரி என்று வந்தால் ஆப்பு முன்னால் 1.1, பின்னால் 3.1 மி.மீ. சராசரி அதே 2.1. 1/72-இல் டிகிரிக்கு 0.3 மி.மீ.

மேல் இறக்கை ஒரே துண்டாக வந்தால் நடுப்பகுதியின் இரு ஓரத்திலும் அறுக்க வேண்டும். இரும்பு அறுக்கும் பிளேடு வேண்டாம், அது முக்கால் மி.மீ. தின்றுவிடும். நகைப்பட்டறையில் தகடு அறுக்கும் வாள் சுமார் கால் மி.மீ. மட்டுமே எடுக்கும். எடுத்ததை ஆப்பின் கனத்தோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

சும்மா ஒட்டினால் கையில் எடுத்தவுடன் விட்டுவிடும். இணைப்புக்கு இரண்டு இடத்தில், முன் ஸ்பார் பின் ஸ்பார் (இறக்கையின் நீளவாட்டுச் சட்டங்கள்) வரக்கூடிய இடத்தில், 0.5 மி.மீ. பித்தளைக் கம்பி குத்துங்கள். ஆப்பிலும் முன்கூட்டியே துளையிட வேண்டும். ஒட்டிவிட்டு வரைபடத்தின் மேலேயே கவிழ்த்து வைத்து, ஓரத்தில் எடை வைத்து ஒரு நாள் முழுக்கத் தொடாதீர்கள். இடது வலது இரண்டையும் ஒரே நாளில் செய்தால்தான் கோணம் ஒத்துவரும்.

மேல் இறக்கையின் முன்விளிம்பில் உள்ள, தானாகத் திறந்துகொள்ளும் இடுக்குகளான ஸ்லாட்டுகளையும் கவனியுங்கள். ஜிப்ஸி மாத்தில் அவை சில விமானங்களில் மட்டுமே இருந்தன. உங்கள் படத்தில் இல்லையென்றால் கோட்டை நிரப்பித் தேய்த்துவிடுங்கள். அய்லரான்கள் (விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் அசையும் மடல்கள்) இரண்டு விமானத்திலும் கீழ் இறக்கையில் மட்டும்தான், கை வைக்க வேண்டாம்.

பட்டி எது போடலாம்?

கார் பட்டறையில் போடும் என்.சி. பட்டி காயக் காயச் சுருங்கும். கனமாகப் போட்டால் அதிலுள்ள தின்னர் மெல்லிய இறக்கையைக் கரைத்து நெளித்துவிடும். போடுவதென்றால் மெல்லிய இரண்டு கோட்டு, இடையில் ஒரு ராத்திரி. ஆப்பின் இடுக்குக்கு ஃபெவிக்விக்கோடு முகப்பவுடர் கலந்து நிரப்புவது மேல். ஆனால் ஒரு மணி நேரத்துக்குள் தேய்த்துவிடுங்கள், மறுநாள் தேய்த்தால் சுற்றியுள்ள பிளாஸ்டிக் தேயும், பட்டி தேயாது.

மூக்கையும் எஞ்சினையும் எதில் செய்வது?

கவுலிங்கை எஞ்சினுக்குப் பின்னுள்ள தடுப்புச் சுவரோடு நேராக அறுத்து எடுத்துவிடுங்கள். ஒரு மி.மீ. தகடுகளை அடுக்கி ஒட்டி உள்ளுடம்பு செய்து, அதன்மேல் எம்-சீல் பூசி, ஈரவிரலால் வழித்து உருவம் கொடுக்கலாம். மறுநாள் 220, 400, 800 என்ற வரிசையில் உப்புத்தாள் போடுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் பக்கவாட்டு வரைபடத்தின் மேல் வைத்துப் பாருங்கள். முதலில் குறிக்க வேண்டியது புரொப்பல்லர் மையம். உடலின் அடிக்கோட்டிலிருந்து அதன் உயரத்தை அளந்து துளை போட்டபிறகு, கவுலிங்கை அந்தத் துளையைச் சுற்றி வளர்க்க வேண்டும். பலர் கவுலிங்கை அழகாகச் செய்துவிட்டுக் கடைசியில் துளை போடுகிறார்கள். துளை டைகர் மாத் உயரத்திலேயே வந்து நிற்கும்.

எஞ்சின் சிலிண்டருக்கு 3 மி.மீ. ஸ்ப்ரூ (கிட் பாகங்களைத் தாங்கி வரும் பிளாஸ்டிக் கம்பி) துண்டு நான்கு போதும். உண்மையான ஜிப்ஸியின் சிலிண்டர் உள்விட்டம் 114 மி.மீ., குளிர்விக்கும் தகடுகளோடு சேர்த்தால் இந்தப் பருமன் கண்ணுக்குச் சரியாக இருக்கும். மேல் பாதியில் 0.2 மி.மீ. செம்புக் கம்பியை நெருக்கமாகச் சுற்றி, நீர்த்த ஃபெவிகால் ஒரு தடவு தடவினால் தகடுகள் தயார். நான்கையும் ஒரே கீற்றின் மேல் நிறுத்தி ஒட்டிய பிறகு கவுலிங்கில் இறக்குங்கள். தனித்தனியே நட்டால் வரிசை கோணிவிடும்.

புகைக்குழாய் உடலின் பக்கவாட்டில் காக்பிட்டுகளைத் தாண்டி நீளும். 1 மி.மீ. ஈயக் கலவைச் சால்டர் கம்பி வளைக்க வசதி. நீளமும் வளைவும் விமானத்துக்கு விமானம் மாறும், படத்தைப் பார்த்து வளையுங்கள்.

புரொப்பல்லர் எதிர்த்திசைக்கு மாற வேண்டாமா?

வேண்டாம். எஞ்சினைத் தலைகீழாகக் கவிழ்த்தாலும் முன்னாலிருந்து பார்க்கும்போது சுழலும் திசை மாறாது. கிட்டில் உள்ள இரட்டை அலகு மரப் புரொப்பல்லரையே போடலாம்.

உடலில் என்னென்ன சுரண்டி எடுக்க வேண்டும்?

இடதுபக்கம் முன் காக்பிட்டுக்கு அருகே துருத்தியிருக்கும் எண்ணெய்த் தொட்டி முதலில். தலைகீழ் எஞ்சினில் எண்ணெய் அடியில் தங்க இடமில்லை, அதனால் தொட்டி தனியாக வெளியே போனது. நிமிர்ந்த ஜிப்ஸி தன் அடிப்பெட்டியிலேயே எண்ணெயை வைத்திருந்தது. அடுத்து, வாலுக்கு முன் இருபுறமும் உள்ள மெல்லிய பட்டைகள். சுழன்று விழுவதைத் தடுக்க டைகர் மாத்துக்குப் போர்க்காலத்தில் வந்தவை அவை. பின் காக்பிட்டின் மடிப்புத் துணிக்கூண்டு இருந்தால் அதுவும் வேண்டாம்.

டி.எச்.60ஜி-யின் உடல் பிளைவுட் பெட்டி. பக்கங்கள் தட்டையாக, வழவழப்பாக இருக்கும். டைகர் மாத்தோ இரும்புக் குழாய்ச் சட்டத்தின்மேல் துணி போர்த்தியது, கிட்டின் பக்கங்களில் அந்தத் துணி அமைப்பு தெரியும். 600 உப்புத்தாளை ஒரு மரக்கட்டையில் சுற்றித் தேய்த்துத் தட்டையாக்குங்கள். விரலால் தேய்த்தால் பள்ளம் விழும். டி.எச்.60எம் வகையைச் செய்பவர்கள் மட்டும் இதைத் தொட வேண்டாம், அதன் உடல் உலோகச் சட்டம், துணிப்போர்வை.

சக்கரக் கால்கள்?

ஆரம்பகால மாத்களில் ஒரே குறுக்கு அச்சு இருபக்கச் சக்கரத்தையும் இணைத்தது. பிறகு நடுவில் பிரிந்த அச்சு வந்தது. எந்த விமானம் என்று முடிவு செய்து அதன் புகைப்படத்தைப் பின்பற்றுங்கள். பிரிந்த அச்சு என்றால் கிட்டின் பாகங்களில் பாதிக்கு மேல் உதவும்.

பிளாஸ்டிக் தகடும் கருவியும் மதுரையில் எங்கே தேடுவது?

பொம்மைக் கடையில் தேடி அலைய வேண்டாம். பொடி அரம், சாமணம், பொடித் துளையிடும் ஊசிகள், மேலே சொன்ன வாள் எல்லாம் பொற்கொல்லர் சாமான். தெற்காவணி மூல வீதி நகைக்கடைகளை ஒட்டிய சந்துகளில் விசாரியுங்கள். ஹாபி கடைப் பெயர் போட்டு வருவதைவிட இவை உறுதி, விலையும் குறைவு.

தகடுக்குப் பழைய இரும்புக் கடையில் உடைத்துப்போட்ட ஃபிரிட்ஜின் கதவைப் பாருங்கள். அதன் உள்பக்க வெள்ளைத் தகடு பெரும்பாலும் பாலிஸ்டைரீன், கிட்டின் அதே ஜாதி. ஒரு ஓரத்தில் கிட் பசையைச் சொட்டிப் பாருங்கள்: இளகி ஒட்டினால் சரி. மூடி, டப்பா போன்றவற்றில் முக்கோணத்துக்குள் 6 என்று இருந்தால் எடுக்கலாம். 5 என்று இருந்தால் எந்தப் பசையிலும் நிற்காது. அடையாள அட்டை போடும் பி.வி.சி. தகடும் கிட் பசைக்கு ஒத்துவராது, ஃபெவிக்விக்தான் போட வேண்டும். பெயர்ப்பலகை செய்யும் கடையில் ஆக்ரிலிக் ஒட்டும் தண்ணீர்ப் பசை ஒட்டும்தான், ஆனால் மெல்லிய விளிம்புகளைக் கூழாக்கிவிடும். அதன் ஆவியும் நல்லதல்ல, ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

மேல் இறக்கையை நேராக நிறுத்துவது பெரும்பாடாக இருக்கிறதே?

கிட்டின் ஸ்ட்ரட்டுகளை வைத்துக்கொண்டு முயன்றால் அப்படித்தான். இறக்கை இடம் மாறியதும் அவற்றின் நீளமும் சாய்வும் பொருந்தாது. பித்தளைக் கம்பியைச் சுத்தியலால் லேசாகத் தட்டி நீள்வட்டமாக்கிப் புதிதாகச் செய்யுங்கள். 1/48-க்கு 0.8 மி.மீ. கம்பி சரி. நீளத்தை முன்பக்க, பக்கவாட்டு வரைபடம் இரண்டையும் சேர்த்துப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். ஒரே படத்தில் அளந்தால் சாய்ந்த கம்பி குட்டையாகவே தெரியும். பக்கவாட்டுப் படத்தில் கிடைமட்டமாக 6, உயரம் 20, முன்பக்கப் படத்தில் பக்கவாட்டுச் சாய்வு 3 என்றால் உண்மை நீளம் 36, 400, 9 மூன்றையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் வரும் 21.1 மி.மீ.

கனமான அட்டையில் முன்பக்க வரைபடத்தை ஒட்டி, கீழ் இறக்கைக்கும் மேல் இறக்கைக்கும் பள்ளம் வெட்டி இரண்டு தாங்கிகள் செய்யுங்கள். முதலில் நடுப்பகுதியின் நான்கு ஸ்ட்ரட், அது இறுகிய பிறகே வெளிப்புற நான்கு. எட்டையும் ஒரே மூச்சில் ஒட்ட முயல்வதுதான் பெரும்பாலான கோணல் மாத்களின் ரகசியம்.

கம்பிக்கட்டுக்கு (இறக்கைகளை இழுத்துப் பிடிக்கும் கம்பிகளுக்கு) எது நல்லது?

மோட்டார் வைண்டிங் கடையில் எனாமல் செம்புக் கம்பி கேளுங்கள். 42 கேஜ் என்றால் 0.1 மி.மீ., 1/48-இல் கிட்டத்தட்ட 5 மி.மீ. கம்பிக்குச் சமம். ஃபேன் காயில் கம்பி 0.2-க்கு மேல் போகும், அது கனம். இத்தனை மெல்லியது கடையில் இல்லையென்றால் பழைய சிறு டிரான்ஸ்ஃபார்மரின் பிரைமரிச் சுற்றை (மின்சாரம் நுழையும் பக்கத்துச் சுற்றை) பிரியுங்கள். ஒரு முனையைக் கிளாம்பில் மாட்டி மறுமுனையை மெதுவாக இழுத்தால் ஒரு கட்டத்தில் லேசாக இளகும். அங்கே நிறுத்தினால் கம்பி கோல் போல நேராகிவிடும். வெள்ளி பெயின்ட் அடித்து, டிவைடரால் இடைவெளி அளந்து வெட்டி, இருமுனையிலும் ஃபெவிகால் பொட்டு வைத்துப் பொருத்துங்கள். நைலான் இழை வெயில் காலத்தில் தொய்ந்துவிடுகிறது.

வாலுக்குப் போகும் கட்டுப்பாட்டுக் கம்பிகள் உடலின் பின்பகுதியில் வெளியே ஓடுகின்றன, மறந்துவிடாதீர்கள்.

என்ன நிறம் அடிப்பது?

எளிதானது முழு வெள்ளி. இந்தியப் பறக்கும் கழக விமானம் என்றால் வி.டி. எனத் தொடங்கும் பதிவெழுத்து கறுப்பில், உடலின் இருபுறமும், மேல் இறக்கையின் மேற்புறமும், கீழ் இறக்கையின் அடிப்புறமும் வரும். துணிமேல் பூசிய அலுமினியம் எவர்சில்வர் பாத்திரம் போலப் பளபளக்காது. வெள்ளியோடு பத்தில் ஒரு பங்கு வெளிர் சாம்பல் சேருங்கள்.

இன்னொன்று, பிரிட்டிஷ் பெண் விமானி ஏமி ஜான்சனின் ‘ஜேசன்’. 1930 மே 5 அன்று குராய்டனில் கிளம்பி, கராச்சி, ஜான்சி, அலகாபாத், கல்கத்தா வழியாக மே 24 அன்று ஆஸ்திரேலியாவின் டார்வின் போய்ச் சேர்ந்த விமானம் அது. கரும்பச்சை உடல், வெள்ளி இறக்கை, வெள்ளி எழுத்து. முன் காக்பிட்டில் கூடுதல் பெட்ரோல் தொட்டி வைத்திருந்ததால் அங்கே இருக்கையும் கருவிப்பலகையும் செய்ய வேண்டியதில்லை, சோம்பேறிகளுக்கு நல்ல தேர்வு. உதிரிப் புரொப்பல்லர் ஒன்றைக் கட்டிக்கொண்டு போனார், அதையும் சேர்த்தால் மாடல் தனியாகத் தெரியும். மூல விமானம் லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் தொங்குகிறது, படங்களுக்குப் பஞ்சமில்லை.

நம்மூர் வெயிலில் பெயின்ட் அடிக்கும்போது என்ன தவறு நடக்கிறது?

சித்திரை வெயிலில் ஆக்ரிலிக் பெயின்ட் ஏர்பிரஷ் முனையிலேயே காய்ந்து, மேற்பரப்பில் மணல் தூவியது போல விழும். காலை 8 மணிக்குள் அடியுங்கள், காய்வதைத் தாமதப்படுத்தும் ரிடார்டர் சில சொட்டு சேருங்கள். ஐப்பசி மழையில் நேர்மாறு. ஈரக்காற்றில் லேக்கர் வெண்மை பூத்துவிடும். அந்த நாட்களில் பெயின்ட் வேலையைத் தள்ளிப்போடுவதே வழி. கார் பெயின்ட் ஸ்ப்ரே அடிப்பவர்கள் முதலில் பிரைமரைப் பனி போல மூன்று நான்கு மெல்லிய கோட்டு அடிக்க வேண்டும். ஒரே கோட்டில் நனைத்தால் தின்னர் பிளாஸ்டிக்கைத் தின்னும்.

சீக்கிரம் காயட்டும் என்று மொட்டைமாடியில் வைக்காதீர்கள். தட்டோடு வெயிலில் கிடந்தால் மெல்லிய இறக்கை வளைந்துவிடும், நேராக்கப் பட்ட பாடு வீண். மின்விசிறிக்கு அடியிலும் வேண்டாம், 0.1 மி.மீ. கம்பியில் படியும் தூசியைத் துடைக்க வழியே இல்லை.

இறக்கையை மடித்த நிலையில் வைக்கலாமா?

தாராளமாக. ஜிப்ஸி மாத்தின் இறக்கைகள் பின் ஸ்பாரில் கீலிட்டு உடலோடு ஒட்டிப் பின்னால் மடியும், சின்னக் கொட்டகையில் நிறுத்துவதற்காக. மேலும் கீழும் ஒரே பெட்டியாகத் திரும்பும் என்பதால் ஒவ்வொரு பக்கத்தையும் மேசையில் வைத்துத் தனியாக முடித்துப் பிறகு உடலோடு சேர்க்கலாம், கம்பிக்கட்டும் சுலபம். முன் ஸ்பாரின் உள்முனையில் மேல் கீழ் இறக்கைகளுக்கிடையே தற்காலிகத் தாங்கு கம்பி ஒன்று நிற்க வேண்டும். அது இல்லாமல் மடித்திருந்தால் விஷயம் தெரிந்தவர் உடனே கேட்பார். இந்த நிலையில் 1/48 மாடல் அலமாரியில் மூன்றில் ஒரு பங்கு இடத்தில் அடங்கிவிடும்.